அடித்தவனை விட்டு வந்த பிறகும் பதற்றம்: ஆன்லைன் பயிற்சி கைகொடுக்குமா?

கேள்வி: எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டல்வாசம். ஒரு வருடம் பழகியவன் சந்தேகப்பட ஆரம்பித்து, போனைப் பிடுங்கிப் பார்ப்பது, கன்னத்தில் அறைவது என்று போனான். முறித்துக்கொண்டு நான்கு மாதம் ஆகிறது. அவனும் இதே கல்லூரிதான். தூக்கம் இல்லை, அரியரும் விழுந்துவிட்டது. கல்லூரி கவுன்சிலரிடம் போனால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம். மன அழுத்தத்தைச் சமாளிக்க ஆன்லைனில் பயிற்சிகள் இருக்கின்றனவாமே, எனக்கு உதவுமா?

பதில்: உதவும், அவன் இப்போது உங்களைத் தொந்தரவு செய்யவில்லை என்றால். இன்னும் பின்னால் வருகிறான், மிரட்டுகிறான் என்றால் உங்கள் பதற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. அதை மூச்சுப் பயிற்சியால் அடக்கப் பார்க்காதீர்கள், முதலில் பாதுகாப்பு. 181 பெண்கள் உதவி எண், அவசரத்துக்கு 112. அவன் எப்போதாவது உங்கள் கழுத்தை நெரித்திருந்தால் அதை அந்த எண்ணில் பேசுபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வெளியே காயம் தெரியாவிட்டாலும் அது பெரிய ஆபத்தின் அறிகுறி, டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

இனி பயிற்சி. அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பேட்ரிசியா ஃபிரேசியரும் அவர் குழுவினரும் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். வன்முறையை அனுபவித்த கல்லூரி மாணவர்களிடமே ஆன்லைன் பயிற்சியைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: 'அன்றைக்கு நான் அப்படிச் செய்திருந்தால் தடுத்திருக்கலாமே' என்று கடந்ததையே கிளறுபவர்களுக்கு வேதனை கூடுகிறது. இன்றைக்கு என் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்களுக்குக் குறைகிறது. அந்தப் பயிற்சி கற்றுக்கொடுப்பதும் இந்த இரண்டாவதைத்தான். நடந்ததை முழுக்க விவரித்து எழுதச் சொல்லும் பயிற்சிகளைத் தனியாக உட்கார்ந்து செய்யாதீர்கள். அதற்குப் பக்கத்தில் தேர்ந்த ஒருவர் வேண்டும்.

ஒரு நோட்டை எடுத்து இப்படி எழுதிப் பாருங்கள். 'செவ்வாய், லைப்ரரி வாசலில் அவன் நின்றான், கை நடுங்கியது.' அதன் கீழே, என் கையில் இல்லாதது: அவன் எங்கே நிற்கிறான் என்பது. என் கையில் இருப்பது: தோழியோடு போவது, நேரத்தை மாற்றுவது, வார்டனிடம் சொல்லி வைப்பது. இவற்றில் ஒன்றை மறுநாளே செய்துவிட்டு, பதற்றம் கூடியதா குறைந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பார்க்கச் சின்ன விஷயம்தான், ஆனால் விடாமல் செய்தால் பலன் தெரியும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட மன அழுத்தக் கையேடு ஒன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. படங்களோடும் ஆடியோவோடும் எளிமையாக இருக்கும். எந்தப் பயிற்சியானாலும் கண்ணை மூடச் சொன்னால் நீங்கள் மூட வேண்டியதில்லை. அடிபட்டவர்களில் சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் பயம் இன்னும் ஏறும். கண்ணைத் திறந்தபடி பாதத்தைத் தரையில் அழுத்தி, அறையில் தெரியும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், போதும்.

தொடங்கும் முன் போனைப் பாருங்கள். அவன் கையில் இருந்த போன் அது. வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள், கூகுள் கணக்கில் உங்கள் சாதனங்கள், லொகேஷன் பகிர்வு, மூன்றையும் சரிபார்த்துப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஒட்டுக்கேட்கிறான் என்று சந்தேகம் வந்தால் எதையும் உடனே அழிக்க வேண்டாம். அவன் உஷாராகிவிடுவான், ஆதாரமும் போய்விடும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பகமான ஒருவருக்கு அனுப்பிவிட்டு, பயிற்சியைத் தோழியின் லேப்டாப்பில் செய்யுங்கள்.

இந்த மாதிரிப் பயிற்சிகளைப் பலரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வாரம் ஒருமுறை 'முடிச்சியா?' என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் தொடர்வது சுலபம். ரூம்மேட்டே போதும்.

கெட்ட கனவு, திடீரென்று அந்தச் சம்பவம் கண்முன் வந்து போவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் பயிற்சி மட்டும் போதாது. உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 14416, அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்: 24 மணி நேரமும் உண்டு, இலவசம், தமிழிலேயே பேசலாம். கவுன்சிலர் பற்றிய பயம் எனக்குப் புரிகிறது. 2017 மனநலச் சட்டம் சிகிச்சையில் ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. ஆனாலும் முதல் சந்திப்பில், பேச்சைத் தொடங்கும் முன்பே, 'எந்தச் சூழ்நிலையில் வீட்டுக்குச் சொல்வீர்கள்?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

அப்புறம் ஒன்று. அவன் செய்ததில் பாலியல் தொந்தரவும் இருந்திருந்தால், கல்லூரியின் உள்ளகப் புகார் குழுவிடம் போகலாம். செய்தவன் சக மாணவனானாலும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2015 விதிமுறைகள் பொருந்தும். கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. நான்கு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். அதனால் புகார் தருவது பற்றி இந்த வாரமே யோசித்து முடிவெடுங்கள்.