கடல் மழையை மாற்றியதா, மழை கடலை மாற்றியதா?

கேள்வி: கடல் ஒரு பகுதியின் பருவநிலையை எப்படிப் பாதிக்கிறது என்பதில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது இரண்டாம் ஆண்டு. கடற்பரப்பு வெப்பநிலைக்கும் நான் எடுத்துக்கொண்ட பகுதியின் மழைக்கும் நல்ல ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்தே மாறும் போக்கு) கிடைத்தது. கருத்தரங்கில் அதைக் காட்டியபோது ஒரு பேராசிரியர், "கடல் மழையை மாற்றியதா, மழை கடலை மாற்றியதா?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இதுவரை செய்ததெல்லாம் வீணா? தலைப்பை மாற்றிவிடலாமா?
– ஓர் ஆய்வு மாணவி

பதில்: மாற்றாதீர்கள். அந்தப் பேராசிரியர் உங்களை மடக்கவில்லை. உங்கள் ஆய்வேட்டின் மையக் கேள்வியைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒட்டுறவு என்பது வாசல்தான், நீங்கள் இன்னும் வீட்டுக்குள் போகவில்லை.

கடல்தான் காரணம் என்று நாம் எல்லோரும் முதலில் நினைப்பதற்கு நியாயம் இருக்கிறது. கடலின் மேல் மூன்று மீட்டர் நீர், அதற்கு மேலுள்ள மொத்தக் காற்றுமண்டலத்துக்கு ஈடான வெப்பத்தைத் தாங்கும். காற்று நேற்றைய நிலையைச் சில நாட்களில் மறந்துவிடுகிறது, கடல் மாதக்கணக்கில் வைத்திருக்கிறது. ஆனால் மேகம் வெயிலை மறைத்தால் கடல் குளிர்கிறது. காற்று பலமாக வீசினால் நீர் ஆவியாகி, கீழிருந்து குளிர்ந்த நீர் கலந்து, மேலும் குளிர்கிறது. 1976-இல் ஜெர்மானியக் காலநிலை அறிவியலாளர் கிளாஸ் ஹாசல்மன் இன்னொன்றையும் காட்டினார். அன்றாட வானிலையின் தாறுமாறான ஏற்ற இறக்கங்களைக் கடல் சேர்த்து வைத்துக்கொண்டாலே போதும், மெதுவான, பெரிய மாற்றங்கள் தோன்றிவிடும். ஆக, கடலில் ஒரு மாற்றம் மெதுவாக நடக்கிறது என்பதற்காக அது கடலிலேயே பிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

சரி, எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முதலில் மாதங்களை முன்னும் பின்னும் நகர்த்தி ஒட்டுறவைக் கணக்கிடுங்கள். கடல் முன்னால் போகிறதா, மழை முன்னால் போகிறதா? அப்புறம் வெப்பப் பரிமாற்றத்தைப் பாருங்கள். என் அனுபவத்தில் இதைத்தான் மாணவர்கள் அதிகம் விட்டுவிடுகிறார்கள். வெதுவெதுப்பான கடல் காற்றுக்கு வழக்கத்தைவிட அதிகமாக வெப்பத்தைக் கொடுக்கிறது என்றால், அங்கே கடலின் கை ஓங்கியிருக்கிறது. மாறாக, காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் வெப்பம் வாங்கித்தான் கடல் சூடாகிறது என்றால், ஆட்டுவிப்பது காற்று. இரண்டுமே ஒரு தொலைதூர எல் நினோவுக்கு (பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வழக்கத்தைவிடச் சூடாவது) கட்டுப்பட்டு நடந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கணினி மாதிரிகளிலும் இதே சிக்கல் உண்டு. கடற்பரப்பு வெப்பநிலையை நாமே கொடுத்து, காற்றுமண்டலத்தை மட்டும் ஓடவிட்டால், அந்த உலகத்தில் கடல் ஆணையிடும், காற்று கேட்கும். மறுவழியே கிடையாது. ஆசியக் கோடைப் பருவமழைப் பகுதியில் இப்படி ஓட்டிய மாதிரிகள், கடல் சூடாக இருந்தால் மழை கூடுகிறது என்றன. அளவீடுகளிலோ பல இடங்களில் உறவு நேர்மாறு, ஏனென்றால் மழைமேகம் கடலைக் குளிர்விக்கிறது. 2005-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. எனவே கடலும் காற்றும் பேசிக்கொள்ளும் இணைமாதிரியையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்களுக்கு ஓர் அத்தியாயம்.

"ஏன்" என்பதற்குப் பதில் வரத் தாமதமாவது இந்தத் துறையில் புதிதல்ல. வானிலைத் துறைத் தலைவராக 1904-இல் இந்தியாவுக்கு வந்த கில்பர்ட் வாக்கர், உலகெங்கும் இருந்து திரட்டிய அளவீடுகளிலிருந்து தென் அலைவை, அதாவது பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கு இடையே காற்றழுத்தம் மாறிமாறி ஏறி இறங்குவதை, கண்டுபிடித்தார். பசிபிக் கடலின் வெப்பநிலையோடு அதைச் சேர்த்து, அது இயங்கும் விதத்தை வானிலை ஆய்வாளர் ஜேக்கப் பியர்க்னஸ் விளக்கியது 1969-இல். எல்லோரும் நம்பிய விளக்கமும் ஆட்டம் காணலாம். மேற்கு ஐரோப்பாவின் மிதமான குளிர்காலத்துக்கு அட்லாண்டிக் கடலில் வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவரும் வளைகுடா நீரோட்டமே காரணம் என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்லிவந்தார்கள். 2002-இல் காலநிலை ஆய்வாளர் ரிச்சர்ட் சீகரும் சகாக்களும், வட அமெரிக்காவின் ராக்கி மலைகள் வளைத்துவிடும் காற்றோட்டத்துக்கும் கடல் கோடையில் சேமிக்கும் வெப்பத்துக்கும் தான் பெரும்பங்கு என்று வாதிட்டார்கள்.

உங்கள் தரவு எத்தனை ஆண்டுகளுக்கானது என்று நீங்கள் எழுதவில்லை. செயற்கைக்கோள் காலத் தரவு என்றால் ஏறக்குறைய 1980களில் தொடங்கியிருக்கும். அதற்குள் மிகப் பெரிய எல் நினோக்கள் 1982–83, 1997–98, 2015–16 என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான். நாற்பது ஆண்டுத் தரவு நாற்பது தனித்தனிச் சாட்சிகள் ஆகாது. அதற்கு முந்தைய அளவீடுகளுக்குப் போனால் கவனம் வேண்டும். கப்பலிலிருந்து வாளியில் மொண்டு அளந்ததும், எஞ்சின் அறைக்கு வரும் நீரில் அளந்ததும் ஒன்றல்ல. 1945-இல் உலக வெப்பநிலை திடீரென 0.3 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைந்ததுபோல் தெரிந்ததற்கு இந்த அளவீட்டு மாற்றமே முக்கியக் காரணம் என்று 2008-இல்தான் தெரிந்தது. ஆழத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. ஏறத்தாழ நாலாயிரம் மிதவைகள், பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி ஏறுகின்றன. தரவு எல்லோருக்கும் இலவசம்.

இன்னொன்று. உங்கள் ஒட்டுறவுக்கு அடங்காத ஆண்டுகள் இருக்கும். அவற்றைப் பிழை என்று ஒதுக்காமல் ஒரு மாதம் அவற்றோடு மட்டும் உட்காருங்கள். எல் நினோ ஆண்டில் இந்தியாவில் மழை குறைவதே பெரும்பாலும் வழக்கம், ஆனால் 1997-இல் பசிபிக்கில் அவ்வளவு பெரிய எல் நினோ இருந்தும் இந்தியப் பருவமழை ஏறக்குறைய இயல்பாகப் பெய்தது. அதே ஆண்டில் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகவும் கிழக்குப் பகுதி குளிராகவும் இருந்தன. அந்த இருமுனை அலைவைப் பற்றிய ஆய்வுகள் 1999-இல் வெளிவந்தன.

தலைப்பு இருக்கட்டும், கேள்வியைச் சுருக்குங்கள். மழைக்காலம் முழுவதையும் எடுக்காமல் ஒரு மாதம், ஒரு கடற்பகுதி, ஒரே ஒரு வழிமுறை. பிறகு, முன்பின் நகர்த்திய ஒட்டுறவு, வெப்பப் பரிமாற்றம் என இரண்டே படங்களை வரைந்து எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்ட அதே பேராசிரியரிடம் அரை மணி நேரம் கேட்டுப் போய்ப் பாருங்கள்.