மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: மகன் கல்லூரியில் சேர்ந்தபோது பாகங்களாக வாங்கி அவனே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தான். ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) மூன்றும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. 16 ஜிபி டிடிஆர்5 ரேம் இரண்டு மட்டும் ஆன்லைனில் வந்தவை. எட்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது சில நாள் காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. அணைத்து அணைத்துப் போட்டால் மூன்றாவது, நான்காவது தடவை வந்துவிடுகிறது. வந்த பிறகு நாள் முழுக்க ஒரு தொந்தரவும் இல்லை. உள்ளூர் சர்வீஸ்காரர் "போர்டு போச்சு, புதுசு போடுங்க" என்கிறார். போர்டை விற்ற கடைக்காரரோ ரேம் விற்றவரைக் கேட்கச் சொல்கிறார். யாரை நம்புவது?
— வாசகர், காரைக்குடி

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். வாரன்டியில் இருக்கும் போர்டுக்குப் பதிலாகக் காசு கொடுத்து இன்னொன்று வாங்குவது கடைசி வேலை. உங்கள் கடிதத்திலேயே நல்ல துப்பு ஒன்று இருக்கிறது: மூன்றாவது தடவை வந்துவிடுகிறது.

டிடிஆர்5 ரேம் போட்ட இந்த வகை போர்டுகள் கிளம்பும்போது ரேமோடு ஒத்துப்போக நேரம் எடுத்துக்கொள்ளும். மெமரி டிரெயினிங் என்பார்கள். புதிதாக அசெம்பிள் செய்த அன்றோ, பயாஸ் (கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அமைப்புகள் அழிந்த பிறகோ அது சில நிமிடங்கள்கூட நீளும். அதுவரை திரை கறுப்பாகத்தான் இருக்கும். அரை நிமிடம் பார்த்துவிட்டு பட்டனை அமுக்கி அணைத்தால் வேலை பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆனால் பல போர்டுகள் வேகமான ரேம் அமைப்பைக் கைவிட்டு அடிப்படை வேகத்தில் கிளம்பிவிடும்.

அடுத்த முறை கறுப்புத் திரை வந்தால் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் பொறுங்கள். கூடவே போனில் வீடியோ எடுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய குட்டி விளக்குகள் இருக்கிறதா, அதில் எது அணையாமல் நிற்கிறது என்பதும் வீடியோவில் விழட்டும். கம்ப்யூட்டர் ஒருவழியாக வந்ததும் டாஸ்க் மேனேஜரில் ரேமின் வேகத்தைப் பாருங்கள். 6000 என்று வாங்கிய ரேம் 4800 காட்டினால் எக்ஸ்போ, அதாவது ரேமை வேகமாக ஓட்டும் பயாஸ் அமைப்பு, கழன்றுவிட்டது என்று பொருள்.

ஏன் கழன்றது? இரவில் சுவிட்ச்போர்டிலேயே அணைத்துவிடுகிறீர்களா? அப்படியானால் பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். பழைய தேதி காட்டினால் கரண்ட் இல்லாதபோது தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கும், போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் வில்லை அது. விண்டோஸில் தெரியும் தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது நெட்டிலிருந்து தன்னைச் சரிசெய்துகொண்டிருக்கும்.

தேதி சரியாக இருந்தால் எக்ஸ்போவை நீங்களே அணைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். தொல்லை இல்லையென்றால், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய பயாஸ் ஏற்றிவிட்டு எக்ஸ்போவை மறுபடி போட்டுப் பார்க்கலாம். பயாஸ் ஏற்றும்போது கரண்ட் போகக் கூடாது, யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். எக்ஸ்போ இல்லாமலும் மக்கர் செய்தால் ஒரே ஒரு ரேமை, பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சில நாள். பிறகு அதே ஸ்லாட்டில் மற்றது. ஒரு ரேம் மட்டும் தகராறு செய்தால் குற்றவாளி அதுதான். எந்த ரேமைப் போட்டாலும் தகராறு என்றால் சந்தேகம் போர்டு, பிராசஸர், எஸ்எம்பிஎஸ் பக்கம் போகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் கழற்றி மாட்டியதில் சரியாகிவிட்டால், எது சரியானது என்று கடைசிவரை தெரியாது.

ஃபேனே சுற்றாமல் இருந்தாலோ, ஒரு நொடி சுற்றி நின்றாலோ முதலில் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகித்திருப்பேன். 12 வோல்ட் கம்பியில் மல்டிமீட்டர் 11.4க்கும் 12.6க்கும் இடையில் காட்ட வேண்டும். ஆனால் கிளம்பும் நேரத்துக் கணப்பொழுது சரிவை மல்டிமீட்டர் பிடிக்காது. நண்பரிடம் வேறொன்று கடன் வாங்கி மாட்டுவதே நல்ல சோதனை. அதை அதனுடைய கேபிள்களோடு சேர்த்தே வாங்குங்கள். கழற்றி மாட்டும் கேபிள்கள் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாற்றி மாட்டி ஹார்ட் டிஸ்க்கைப் புகைத்தவர்கள் உண்டு.

இப்போது வீடியோ விஷயம். எப்போதாவது வரும் கோளாறு சர்வீஸ் சென்டர் மேசையில் வராது. "நன்றாக இருக்கிறது" என்று சீட்டு எழுதித் திருப்பிவிடுவார்கள். வீடியோவும், எந்த நாள் என்ன செய்தபோது வந்தது என்ற குறிப்பும் இருந்தால் அவ்வளவு சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது. சொந்தமாக அசெம்பிள் செய்ததற்கு மொத்த வாரன்டி என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண்கள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். ரேமை அனுப்புவதானால் இரண்டும் ஒரே பெட்டியில் வந்த ஜோடி என்றால் இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள்.

குறை இன்ன பாகத்தில் என்று உறுதியான பிறகும் கடைக்காரரும் கம்பெனியும் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்காவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் சிவகங்கை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை; பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம்.

கேள்வி: ஷட் டவுன் செய்து மறுநாள் போட்டால் விண்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் மட்டும் ஒழுங்காக வருகிறது. பாகம் பழுதா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி, ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் ஒரு பகுதியை டிஸ்க்கில் சேமித்துவைத்து மறுநாள் அதையே எழுப்புகிறது. ரீஸ்டார்ட் மட்டும்தான் முழுதாக மூடித் திறக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டுச் சில நாள் பாருங்கள். சரியானால் டிரைவர்களைப் புதுப்பியுங்கள், கடைக்குத் தூக்கிப்போக வேண்டாம்.