தினம் ஒரு படம்: பஸ் ஸ்டாப் வரைக்கும் போதும்

"அக்கா, செப்டம்பர் கடைசியில் டொராண்டோ வந்தோம். ஸ்கார்பரோவில் பதினாலாவது மாடி. அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டால் எனக்கு நாள் முழுக்கச் சுவர்தான். வீட்டுப் பக்கத்திலேயே இயற்கையைத் தினம் ஒரு படம் எடுக்கிற 365 நாள் சவாலைத் தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் இங்கே கட்டடமும் பார்க்கிங்கும் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. கார் இல்லை, நல்ல கேமரா இல்லை, போன் மட்டும்தான். குளிர் வேறு வருகிறது. இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று கேட்டிருந்தீர்கள். கூடவே கட்டட வாசலில் நிற்கும் மரத்தைப் படம் பிடித்து அனுப்பி, இது என்ன மரம் என்றும் கேட்டிருந்தீர்கள்.

நடக்கும், தங்கச்சி. நானும் ஸ்கார்பரோதான், நானும் செய்திருக்கிறேன். 2013 நவம்பர் 1-ஆம் தேதி ஆரம்பித்து அடுத்த அக்டோபர் 31 வரை. 365 நாளில் 334 படம் தேறியது. மீதி 31 நாள் என்ன ஆச்சு என்றால், சில நாள் காய்ச்சல், சில நாள் ஓவர்டைம், சில நாள் சும்மா வெறுப்பு. விட்டுப்போன நாளுக்கு மறுநாள் இரண்டாக எடுத்து ஈடுகட்டுவது என்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன், அது வேண்டாம். கடன் ஏறுகிற மாதிரி ஏறி, மொத்தத்தையும் விட்டுவிடத் தோன்றும். போனது போனதுதான்.

நான் செய்த முதல் தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் பத்து நாள் ஊரைச் சுற்றினேன். பஸ், சப்வே மாறி ஹை பார்க், இன்னொரு நாள் ஸ்கார்பரோ பிளஃப்ஸ், இன்னொரு நாள் ஏரிக்கரை. காலண்டரில் போடுகிற மாதிரிப் படங்கள். பதினோராம் நாள் கிடங்கு வேலையில் எட்டு மணி நேரம் பெட்டி அடுக்கிவிட்டு வந்தவளுக்கு ஹை பார்க்காவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது. அன்றைக்குத்தான் எல்லையைச் சுருக்கினேன். கட்டட வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும், எண்ணிப் பார்த்தால் 400 அடி வைக்கிற தூரம். அதற்குள் கிடைப்பதுதான் படம். வேலைக்குப் போக எப்படியும் நடக்கிற வழி, அதனால் கிளம்ப வேண்டுமே என்ற சோம்பலும் இல்லை.

அந்த 400 அடியில் ஒரு மேப்பிள் மரம், கம்பி வேலி, வேலியில் காய்ந்த ஒரு காட்டுக்கொடி, சாக்கடை மூடி, ஒரு துண்டு புல்வெளி. அவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு வாரம் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்த பிறகு கணக்கு மாறியது. சாக்கடை மூடியிலிருந்து காலையில் ஆவி வரும், அதன் ஓரத்துப் புல்லில் மட்டும் உறைபனி பிடிக்காது. கொடியில் கறுப்பாக நாலு பழம், அதைத் தின்ன ஒரு அணில். இங்கே நிறைய அணில் கன்னங்கரேல் என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது வேறு இனம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சாம்பல் அணிலேதான், நிறம் மட்டும் கறுப்பு. பஸ் ஸ்டாப் கூரையில் சிட்டுக்குருவி. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்த அதே சிட்டுக்குருவி. அதுவும் இந்த ஊருக்குச் சொந்தமில்லை, 1850-களில் ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் பக்கம் கொண்டுவந்து விட்டது இங்கே வரைக்கும் பரவியிருக்கிறது.

நேரம்தான் உங்களுக்குச் சிக்கலாக இருக்கும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். டிசம்பரில் 4:40-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஊருக்கு வந்த முதல் வருடம் மதியத் தூக்கம் போட்டு எழுந்து, இருட்டைப் பார்த்து ராத்திரி ஆகிவிட்டதென்று பதறியிருக்கிறேன். நீங்கள் வீட்டில் இருக்கும்வரை பதினோரு மணியிலிருந்து இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். வேலை கிடைத்த பிறகு சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம். அதுவும் முடியாவிட்டால் தெருவிளக்குக்குக் கீழே பனி விழுவதை எடுங்கள், எந்த நாளும் அது ஏமாற்றாது.

போனைப் பற்றி. மைனஸ் 18-ல் 40 சதவீதம் சார்ஜ் இருந்த என் போன் கண்ணெதிரே அணைந்து போனது. கெட்டுப்போய்விட்டது என்று வீட்டுக்கு ஓடிவந்தால் பத்து நிமிடத்தில் தானே உயிர் பெற்றது. குளிரில் பேட்டரிக்குள் நடக்கிற வேதிவினை மந்தமாகிவிடும், அவ்வளவுதான். கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள், எடுக்கும்போது மட்டும் வெளியே. சில்லிட்ட போனை உடனே சார்ஜில் போடாதீர்கள். பின்னால் கேமரா வாங்கினால், வீட்டுக்குள் நுழையும் முன்பே அதை ஜிப்லாக் பையில் போட்டு மூடி, அரை மணி கழித்துத் திறங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் வேர்க்கிற மாதிரி லென்ஸும் உள்ளே வேர்க்கும். பைக்குள் இருந்தால் பைதான் வேர்க்கும்.

பனியைப் படம் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும். உங்கள் போன் மேல் குற்றமில்லை. எதைக் காட்டினாலும் சராசரியாகச் சாம்பல் அளவு வெளிச்சம் என்று எடுத்துக்கொள்வது கேமராவின் குணம். திரையில் பனியைத் தொடுங்கள், ஒரு சூரியக் குறி வரும், அதைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டால் வெள்ளை வெள்ளையாகும். இதற்கு மேல் தொழில்நுட்பம் எதுவும் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

52-ஆம் நாளைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 22. முந்தின நாள் இரவு முழுக்க மழை, விழுந்த இடத்திலேயே உறைகிற மழை. காலையில் மின்சாரம் இல்லை. டொராண்டோ முழுக்க லட்சக்கணக்கான வீடுகள் இருட்டில். படியில் இறங்கி வாசலுக்கு வந்தால், என் மேப்பிளின் ஒவ்வொரு குச்சிக்கும் கண்ணாடி உறை போட்டது போல விரற்கடைப் பனிக்கட்டி. காற்று அசைந்தால் வளையல் குலுங்குகிற சத்தம். நடுவில் எங்கோ வெடி போட்ட மாதிரி ஒரு கிளை முறியும், எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புவோம். போனில் 12 சதவீதம்தான் மிச்சம், மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது, அம்மாவுக்குப் பேச வேண்டும். சரி, ஒரே ஒரு படம் என்று முடிவு செய்து, இருபது நிமிடம் மரத்தைச் சுற்றினேன். கடைசியில் ஒற்றைக் குச்சி, அதன் நுனியில் இரண்டு சிவப்பு மொட்டு, மொட்டுக்கு மேலே பனி, பனிக்குள்ளே தலைகீழாக எங்கள் கட்டடம். 334-ல் ஒன்றைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன் என்றால் அது இதுதான். மூன்று நாள் மின்சாரம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றியபோது, இரண்டு வருடமாகத் தலையாட்டலோடு நின்ற அவரிடம் முதல்முறையாகப் பேசினேன். நீங்கள் மட்டும் அப்படி ஒரு மழை அன்று மரத்தடியில் நிற்காதீர்கள். எனக்கு அன்று புத்தி இல்லை.

படத்தைத் தினம் அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஜனவரி முடிவதற்குள் "என்னடி, காஞ்ச மரத்தையே தினம் அனுப்புற, வேற வேலை இல்லையா" என்று கேட்டுவிட்டாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த நாட்களில் கைகொடுத்தவர் வில்சன் பென்ட்லி. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊர் விவசாயி. மைக்ராஸ்கோப்பைக் கேமராவோடு பொருத்தி 1885 ஜனவரியில் ஒற்றைப் பனித்துகளைப் படம் எடுத்தார். அதன் பிறகு ஆயுசு முழுக்க, அதே ஊரில், ஐயாயிரத்துக்கும் மேல். அவரைப் பற்றிப் படித்த அன்று கறுப்புக் கம்பளிச் சால்வையை வாசலில் விரித்து, போனில் மாட்டுகிற பத்து டாலர் லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஆறு கை வைத்த நட்சத்திரம், கையெல்லாம் கிளை, நம் வீட்டுச் சிக்குக்கோலம்போல. அப்படிப்பட்ட நட்சத்திரம் விழுவது மைனஸ் 15 ஒட்டிய குளிரில்தான். வெறும் மைனஸ் இரண்டில் முயன்றால் பஞ்சுப் பொதிதான் கிடைக்கும். மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள், உங்கள் மூச்சு பட்டாலே கரைந்துவிடும். அம்மாவுக்கு அதை அனுப்பினேன். "இதுக்குப் புள்ளி வெச்சது யாரு" என்று பதில் வந்தது.

165-ஆம் நாள் ஏப்ரல் 14, சித்திரை ஒன்று. பச்சடிக்கு வேப்பம்பூ இல்லை. கடையில் தேடி, காய்ந்த பூவும் கிடைக்காமல் திரும்பி வருகிறேன், மேப்பிளின் மொட்டெல்லாம் வெடித்துச் சிவப்பாக ஏதோ தொங்குகிறது. இலை ஒன்றுகூட வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் பூ! மேப்பிளுக்குப் பூ உண்டு என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. கனடாவின் தேசியக் கொடியில் இருக்கிற அந்தப் பெரிய இலையைத்தானே எல்லாரும் காட்டுகிறார்கள். அது சில்வர் மேப்பிள் என்ற வகை, குளிர் முழுசாகப் போகும் முன்பே பூத்துவிடும். ஐந்து மாதம் தினம் அந்த மொட்டைப் பார்த்திருந்ததால்தான் வித்தியாசம் கண்ணில் பட்டது. அம்மாவுக்குப் படம் போனது. "நல்லாத்தான் இருக்கு. பச்சடிக்கு ஆகுமா?" என்றாள். ஆகாது.

கார் இல்லாதது குறையே இல்லை. ஒன்று மட்டும், உங்கள் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி உயர் அழுத்த மின்கம்பிகள் போகிற வெற்றுப் பட்டை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே மின்சாரத்தை ஹைட்ரோ என்பார்கள், முதல் ஹைட்ரோ பில் வந்தபோது தண்ணீர் வரி என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டேன், அது வேறு கதை. அந்த ஹைட்ரோ காரிடாரில் ஸ்கார்பரோவின் குறுக்கே 16 கிலோமீட்டர் நீளத்துக்குப் புல்வெளியும் நடைபாதையுமாக மாற்றுகிற வேலை நடந்து வருகிறது, மெடோவே என்று பெயர். கோடையில் அங்கே மில்க்வீட் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வரி போட்ட புழு இருக்கும். மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு. செப்டம்பரில் இவை மெக்சிகோ மலைக்காடு வரை பறந்து போகின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சிறகில் சீட்டு ஒட்டி, பல பத்தாண்டு பின்தொடர்ந்த ஃபிரெட் அர்கார்ட் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் நம் ஸ்கார்பரோ வளாகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். அவரும் மனைவி நோராவும் தேடியது 1975-ல் கிடைத்தது.

மார்ச்சில் தோளில் சிவப்புப் பட்டை போட்ட கறுப்புப் பறவை வரும், ரெட்-விங்டு பிளாக்பேர்ட். சம்புப்புல் வளர்ந்த குட்டை எங்கே இருந்தாலும் உட்கார்ந்து கத்தும். வந்துவிட்டால் எனக்குக் குளிர்காலம் முடிந்தது, வானிலை அறிக்கை என்ன சொன்னாலும். ஜூனில் கூடு பக்கம் போனால் தலையில் கொத்த வரும், தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

யாராவது ஏதாவது சொல்வார்களா என்று பயந்திருந்தீர்கள். பொது இடத்தில் நின்று படம் எடுப்பதைத் தடுக்க மாட்டார்கள். அடுத்தவர் ஜன்னல் பக்கமும் விளையாடுகிற பிள்ளைகள் பக்கமும் போனைத் திருப்பாதீர்கள், அது மரியாதை. ஒருமுறை ஒருவர் வெளியே வந்து, என் வீட்டை எதற்கு எடுக்கிறாய் என்றார், குரல் நல்லவிதமாக இல்லை. கூரையில் தொங்கிய பனிக்கூர்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் இதைவிடப் பெரியது இருக்கிறது என்று கூட்டிப்போனார். எல்லாரும் இப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். முறைத்தால் ஸாரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மனிதர்களைவிட உண்ணிக்குப் பயப்படுங்கள். ரூஜ் பூங்கா பக்கம் உயர்ந்த புல்லில் போனால் பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, வந்ததும் முழங்கால் மடிப்பு வரை தேடிப் பாருங்கள், லைம் நோயைப் பரப்புகிற வகை அங்கே உண்டு. மூன்று மூன்று இலையாக இருக்கிற எந்தச் செடியையும் தொட வேண்டாம், பாய்சன் ஐவியாக இருந்தால் வாரக்கணக்கில் அரிக்கும். உறைந்த குளத்தின் மேல் படத்துக்காகக் கால் வைக்கவே கூடாது. ஷூ விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் ஷூவோடு பார்க்கிங்கில் நான் மல்லாந்து விழுந்து, போனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இடுப்புதான் மூன்று வாரம் எழுந்திருக்கவில்லை. 31 நாள் கணக்கில் அதுவும் சேர்த்தி.

பெயர் தெரியாததை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள், தெரிந்தவர்கள் வந்து சொல்லிவிடுவார்கள். வீட்டு முகவரி தெரிகிற மாதிரி இடத்தைக் குறிக்காதீர்கள், மறைக்க வசதி இருக்கிறது. பிப்ரவரியில் நாலு நாள் உலகம் முழுக்க வீட்டுப் பக்கத்துப் பறவைகளை எண்ணுவார்கள். பதினாலாவது மாடி பால்கனியிலிருந்துகூடக் கலந்துகொள்ளலாம், புறா மட்டும் கண்ணில் பட்டாலும் அதுவும் எண்ணிக்கைதான்.

அப்புறம் உங்கள் மரம். படத்தில் மரம் முழுக்கத் தெரிகிறது, அதனாலேயே ஒன்றும் தெரியவில்லை. இலை உதிர்ந்த பிறகு கையெட்டும் ஒரு குச்சியைப் பாருங்கள். மொட்டுகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கிறதா, மாறி மாறி ஒற்றையாக இருக்கிறதா? ஜோடி என்றால் பெரும்பாலும் மேப்பிள் அல்லது ஆஷ். மாறி மாறி என்றால் ஓக், எல்ம், பிர்ச் என்று தேட வேண்டும். சிவந்து உருண்டு கொத்துக் கொத்தாக இருந்தால் என் மரத்தின் உறவாக இருக்கலாம். ஒரு மொட்டை மட்டும் கிட்டே போய் எடுத்து அனுப்புங்கள், அதையே முதல் நாள் படமாக வைத்துக்கொள்ளலாம்.