சிம்பிடியம் பூக்கவில்லையா? உரம் போடும் முன் வேரைப் பாருங்கள்

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறோம். மூன்று வருஷம் முன்பு பூவோடு வாங்கிய சிம்பிடியம் ஆர்க்கிட், அதற்கப்புறம் பூக்கவே இல்லை. இலை மட்டும் கருகருவென்று செழித்துக் கிடக்கிறது. மாதம் ஒரு ஸ்பூன் டி.ஏ.பி. தூவுகிறேன், நடுவில் சாணிக் கரைசலும் ஊற்றுகிறேன். தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிகிறது. பக்கத்திலுள்ள நோபைல் வகை டென்ட்ரோபியத்தில் மொட்டு வர வேண்டிய கணுவில் குட்டிச் செடி முளைக்கிறது. ஹாலில் ஒரு பெலனாப்சிஸும் இருக்கிறது. எந்த உரம், எவ்வளவு, எப்போது கொடுப்பது? இந்த ஜனவரியிலேயே ஆரம்பிக்கலாமா?

பதில்: உங்கள் சிம்பிடியத்துக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. வேண்டாத நேரத்தில் வேண்டாத அளவு போய்க்கொண்டிருக்கிறது, அதுதான் சிக்கல். சிம்பிடியம் இலை இளம்பச்சையாக, லேசாக மஞ்சள் ஓடினாற்போல் இருக்க வேண்டும். கரும்பச்சையாகித் தொங்கினால் தழைச்சத்து கூடிவிட்டது, வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழகுக்குப் பூவை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆர்க்கிட் எப்படிச் சாப்பிடுகிறது என்று தெரிந்துகொண்டால் அளவு தானாகப் பிடிபட்டுவிடும். நம் மலைச் சோலைகளில் கிளையைப் பிடித்துக்கொண்டு வளரும் ஆர்க்கிட் அந்த மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. கிளையில் படிந்த தூசி, பறவை எச்சம், மட்கிய இலை ஆகியவற்றைக் கழுவிக்கொண்டு மழையின் முதல் தண்ணீர் வழிகிறதே, அதில் கரைந்திருக்கும் கொஞ்சநஞ்சம்தான் அதற்கு உணவு. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத்தான் வேரைச் சுற்றி வெலாமென் என்கிற வெள்ளை உறை இருக்கிறது. பெலனாப்சிஸ் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் காய்ந்த வேர் ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சாம்பல் வெள்ளையாக இருந்த இடம் கண்ணெதிரே பச்சையாக மாறும். உறை தண்ணீரை இழுத்துக்கொண்டதும் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரிகிறது.

சிம்பிடியத்தின் தடித்த வேரிலும் இதே உறைதான். அதன் மேல் டி.ஏ.பி. குருணை ஒன்று கரைந்தால் என்ன ஆகும்? பஞ்சு உப்புத் தண்ணீரைக் குடித்தது போல், அடர்ந்த கரைசல் முழுதும் வேரில் ஏறி நுனியைக் கருக்கிவிடும். விளிம்பில் நீங்கள் பார்க்கும் வெள்ளைப் படிவு அப்படி மிஞ்சிய உப்பு. வெளியே அவ்வளவு தெரிகிறதென்றால் உள்ளே இன்னும் அதிகம் இருக்கும். டி.ஏ.பி. வயலுக்கான உரம். அதை நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதில் நீரில் முழுதாகக் கரையும் உரம் வாங்குங்கள். எந்த உரக்கடையிலும் 19:19:19 கிடைக்கும். இந்த மூன்று எண்களும் வரிசையாகத் தழைச்சத்து, பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகியவற்றின் சதவீதம். அளவு, 10 லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஒரு டீஸ்பூன். அது ஏறக்குறைய 5 கிராம், அதாவது லிட்டருக்கு அரை கிராம். பயிருக்கென்று பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு இருக்கும், அதைப் பார்த்து மனசு மாற வேண்டாம். மாதம் ஒருமுறை கெட்டியாக ஊற்றுவதைவிட வாரம் ஒருமுறை நீர்க்க ஊற்றுவதே ஆர்க்கிட்டுக்கு ஒத்துவரும். இவ்வளவு நீர்க்கக் கொடுத்தால் வேர் காய்ந்திருந்தாலும் சுடாது. இதைவிடக் கொஞ்சம் கூடினாலும் முதலில் வெறும் தண்ணீர் விட்டு நனைத்துக்கொள்ளுங்கள்.

19:19:19 பாக்கெட்டின் பின்பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். அந்த 19 சதவீதத் தழைச்சத்தில் 10.5 யூரியா, 4.5 அம்மோனியா, 4 மட்டுமே நைட்ரேட் என்றிருக்கும். யூரியாவும் அம்மோனியாவும் நைட்ரேட்டாக மாற நுண்ணுயிர்கள் வேலை செய்ய வேண்டும். மண்ணே இல்லாத ஆர்க்கிட் தொட்டியில் அவை குறைவு. கொடைக்கானல் குளிரில் அவற்றின் வேலையும் மந்தம். அதனால் மலையில் இருப்பவர்கள் 19:19:19-ஐ மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒரு வாரம் அது, அடுத்த வாரம் கால்சியம் நைட்ரேட் என்று மாற்றிக் கொடுங்கள், அளவு அதே அரை கிராம். இரண்டையும் ஒரே வாளியில் கரைக்காதீர்கள். கெட்டிக் கரைசலாகச் சேர்ந்தால் கால்சியமும் பாஸ்பரஸும் பிடித்துக்கொண்டு அடியில் மாவாகத் தங்கிவிடும்.

கால்சியத்தை வற்புறுத்த இன்னும் இரண்டு காரணம் உண்டு. மழைநீரில் கால்சியம் ஏறக்குறைய இல்லை, மலை ஊற்றுநீரிலும் பொதுவாகக் குறைவுதான். அதோடு, நீங்கள் தேங்காய் மட்டைத் துண்டில் நட்டிருந்தால் அது கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். புது இலையின் நுனி கறுப்பது கால்சியக் குறையின் வழக்கமான அடையாளம். அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மழைநீர் போன்ற சுத்த நீருக்கென்று உருவாக்கிய ஆர்க்கிட் உரத்தின் விகிதம் 13:3:15. அதில் 8 சதவீதம் கால்சியமும் 2 சதவீதம் மெக்னீசியமும் சேர்த்திருக்கிறார்கள். பாஸ்பரஸ் வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். பூக்க வைக்கும் என்று சொல்லி 0:52:34 வாங்கச் சொன்னால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். பாஸ்பரஸை ஏற்றினால் பூ வந்துவிடாது. மெக்னீசியத்துக்கு மாதம் ஒருமுறை எப்சம் உப்பு, அதே அரை கிராம் கணக்கில், தனியாகக் கொடுங்கள்.

கால்சியம் நைட்ரேட் பாக்கெட்டைப் பிரித்ததும் இறுக மூடும் டப்பாவில் கொட்டி வையுங்கள். நம் ஊர் மூடுபனியில் திறந்து வைத்தால் இரண்டே நாளில் கூழாகிவிடும்.

சரி, எப்போது கொடுப்பது? தேதியைவிட வேர் நுனியை நம்புங்கள். வளரும் வேரின் நுனி அரை அங்குலத்துக்குப் பளபளவென்று பச்சையாகவோ சிவந்தோ இருக்கும். வளர்ச்சி நின்றதும் வெள்ளை உறை நுனிவரை மூடிக்கொள்ளும். நுனி திறந்திருந்தால் உரம், மூடியிருந்தால் வெறும் தண்ணீர். தொட்டிக்குள் இருப்பதால் சிம்பிடியம் வேர் கண்ணுக்குப் படாது. மேலாக இரண்டு துண்டுகளை விலக்கிப் பாருங்கள், அல்லது பல்ப் (இலைகளுக்கு அடியில் பருத்திருக்கும் தண்டு) அடியில் புது முளை கிளம்புகிறதா என்று பாருங்கள்.

உங்கள் ஊர்க் கணக்குப்படி இந்த வளர்ச்சி மார்ச் வாக்கில் தொடங்கும். மார்ச் முதல் ஜூலை வரை வாராவாரம், மூன்று வாரம் உரம், நாலாவது வாரம் உரம் இல்லாமல் தொட்டி அடியில் தாராளமாக ஒழுகும்வரை வெறும் தண்ணீர். தேங்கிய உப்பை வெளியேற்ற அந்த நாலாவது வாரம் ரொம்ப முக்கியம், தவறவிடாதீர்கள். வெயிலே இல்லாமல் மூடுபனி தொடர்ந்து கவிந்திருக்கும் நாட்களில் பாதியாகக் குறையுங்கள். ஆகஸ்டிலிருந்து 19:19:19-ஐ நிறுத்தி 13:0:45-க்கு மாறுங்கள். அதே அரை கிராம், பத்து நாளுக்கு ஒருமுறை, கால்சியம் நைட்ரேட்டோடு மாற்றி மாற்றி. அந்த வருஷத்துப் பல்ப் பருத்து முதிரும் காலம் அது. அப்போது தழைச்சத்து கூடினால் பூந்தண்டுக்குப் பதில் இன்னொரு முளை வந்து நிற்கும். அக்டோபரோடு உரத்தை நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தக் கூடாது. சிம்பிடியம் ஒட்ட ஒட்டக் காய்வதைத் தாங்காது.

பூந்தண்டு கிளம்ப சிம்பிடியத்துக்கு இரவுக் குளிர் வேண்டும். கொடைக்கானலில் அதற்குக் குறைவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் குறைவது வெளிச்சமாகத்தான் இருக்கும். காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழும் இடத்துக்கு மாற்றுங்கள், உச்சி வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை போதும். உடனே வெயிலுக்கு இழுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். இல்லாவிட்டால் இத்தனை நாள் நிழலில் இருந்த இலை வெந்துபோகும்.

டென்ட்ரோபியத்துக்கு வருகிறேன். கணுவில் குட்டிச் செடி வந்ததென்றால் பூமொட்டாக வேண்டியது இலைமொட்டாகிவிட்டது. பிந்திப் போட்ட தழைச்சத்தும் ஓய்வுகாலத்தில் கிடைத்த ஈரமும்தான் காரணம். நோபைல் வகைக்கு ஆகஸ்ட் கடைசியோடு உரத்தை முற்றிலும் நிறுத்த வேண்டும். அப்புறம் பிப்ரவரி வரை குளிரிலும் வெளிச்சத்திலும் ஏறக்குறைய காய்ந்தே இருக்க வேண்டும். இங்கேதான் பழனி மலையில் ஒரு வம்பு. செடி காய வேண்டிய அக்டோபர், நவம்பரில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. எனவே ஐப்பசி மழை பிடிக்கும் முன் அதைத் தாழ்வாரத்துக்கோ தகரக் கூரைக்குக் கீழோ கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள். பல்ப் சுருங்குகிற மாதிரி இருந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள். இலை பழுத்து உதிரும், அதைக் கண்டு பயந்து உரத்தைத் தூக்காதீர்கள். மொட்டு தெளிவாகத் தெரிந்தபின் தண்ணீரைக் கூட்டலாம். இப்போது வந்திருக்கும் குட்டிகள் இரண்டு மூன்று அங்குல வேர் விட்டதும் பிரித்துத் தனியாக நடுங்கள்.

பெலனாப்சிஸ் வெப்பச் செடி. உங்கள் ஹாலே குளிர்காலத்தில் அதற்குச் சிரமம்தான். மார்ச் முதல் செப்டம்பர் வரை, வேர் நுனி பச்சையாக இருக்கும்போது மட்டும், இதே கரைசலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காலையில் ஊற்றுங்கள். இலை நடுவில் தண்ணீர் தேங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், குருத்து அழுகுவது பெரும்பாலும் அதனால்தான்.

சாணிக் கரைசல் பற்றி. இயற்கை உரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, காய்கறிப் பாத்திக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் ஆர்க்கிட் தொட்டியில் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் காற்றுவெளிதான் வேருக்கு உயிர். சாணி அதை அடைத்து, மட்டையைச் சீக்கிரம் மட்க வைத்து, ஈரத்தைப் பிடித்து வைத்து வேரை அழுக வைத்துவிடும். அரிசி கழுவிய தண்ணீர், வாழைப்பழத்தோல் ஊறல், பழைய டீத்தூள் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். முட்டை ஓடு கரைய வருஷக்கணக்காகும், அதை நம்பிக் கால்சியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். விட மனசில்லை என்றால், துணியில் நன்றாக வடிகட்டிய பஞ்சகவ்யத்தை லிட்டருக்கு 10 மில்லிக்கு மேல் போகாமல், கோடையில் மாதம் ஒருமுறை உரத்துக்குப் பதிலாகக் கொடுங்கள். பயிருக்குச் சொல்லும் 3 சதவீதம் இதற்கு அதிகம்.

வெளியூர் போக வேண்டியவர்களுக்கு ஆஸ்மோகோட் மாதிரி மெல்லக் கரையும் குருணை வசதிதான். மார்ச்சில் போட்டால் சரி. அதன் கால அளவு 21 டிகிரி வெப்பத்தை வைத்துச் சொன்னது. மலைக் குளிரில் இன்னும் நீளும். ஜூலைக்கு மேல் போட்டால் ஓய்வுகாலம் வரை கசிந்துகொண்டே இருக்கும்.

ஜனவரியில் உரம் வேண்டாம். வெயில் ஏறிய ஒரு காலையில், குளிர் விட்ட தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று நான்கு மடங்கு ஊற்றி உப்பைக் கழுவுங்கள். பத்து நாள் விட்டு இன்னொருமுறை. பிப்ரவரி கடைசியில், பூந்தண்டு எதுவும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். சாணி ஏறிய பழைய மட்டையை முழுதும் உதறி, அழுத்தினால் கொழகொழவென்று நசுங்கும் வேர்களை மட்டும் வெட்டுங்கள். கெட்டியான வேரைத் தொடாதீர்கள். புது மட்டைத் துண்டை நாலைந்து முறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துக் கழுவி, அடுப்புக்கரியும் செங்கல் துண்டும் கலந்து நடுங்கள். நட்டபின் நான்கைந்து வாரம் வெறும் தண்ணீர்தான். புது வேர் தெரிந்த அன்றைக்கு முதல் அரை கிராமைத் தொடங்கலாம். இப்படிச் செய்தால் இலையின் நிறம் மழைக்காலத்துக்குள் இளகும். நவம்பர், டிசம்பரில் பல்ப் அடியைப் பாருங்கள். தட்டையாக இருப்பது இலைமுளை. உருண்டையாகத் திரண்டிருப்பது பூந்தண்டு. வேரைச் சுத்தமாகப் பிரித்து நட்டதால் செடி முதல் வருஷம் சுணங்கி, பூ அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகவும் கூடும். அதற்காக அளவைக் கூட்ட வேண்டாம்.