வண்ணாரப்பேட்டைக்கும் 17ஆம் நூற்றாண்டு சாயத் துணிக்கும் என்ன தொடர்பு? அந்தத் துணியின் சிவப்பு ஏன் வெளுக்கவில்லை?

பேட்டையின் பெயரிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஆங்கிலேயக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் அது. வெளுப்பு இல்லாமல், கையால் வரைந்து சாயமேற்றிய சோழமண்டலக் கரையின் சித்திரத் துணியே இல்லை.

சிவப்புக்குக் காரணம் சாயவேரும் (சிவப்புச் சாயம் தரும் ஒரு செடியின் வேர்) படிகாரமும். முதலில் துணியைக் கடுக்காய்த் தூள் கரைத்த எருமைப்பாலில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு முக்கியம். அது குறைந்தால் பிறகு இடும் கோடு மை ஒற்றும் தாளில் போலக் கசியும். அடுத்து, மூங்கில் எழுதுகோலால் படிகார நீரில் வரைவார்கள். அது நிறமற்றது என்பதால், கண்ணுக்குத் தெரியச் பதங்க மரத்தின் சிவப்புச் சாயத்தைச் சிறிது கலப்பதுண்டு. காய்ந்தபின் ஓடும் நீரில் அலசி, மிச்சப் படிகாரத்தைப் போக்க வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கோட்டுக்கு வெளியிலும் சிவப்பு ஏறிவிடும்.

பிறகு சாயவேரோடு கொதிக்க வைப்பார்கள். படிகாரத்தின் அலுமினியம் ஒரு பக்கம் நூலையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் எத்தனை முறை துவைத்தாலும் சிவப்பு நிற்கிறது. படிகாரம் படாத இடத்தில் மங்கலாக ஒட்டிய நிறத்தை, சாண நீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, காயக் காய நீர் தெளித்து நாள்கணக்கில் வெளுப்பார்கள். சிவப்பைப் பளிச்சென்று காட்டியது இந்த உழைப்புதான். எழுதியவரைப் புகழும்போது வெளுத்தவரை மறப்பது நியாயமில்லை.

நீலத்துக்குப் படிகாரம் வேண்டாம். மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்கினால் போதும். இம்முறைகளை 1742இல் கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கடிதமாகவே எழுதி அனுப்பினார்.