வெயில் அதிகம் இல்லாத ஊரில் வீட்டு ஏசிக்கு ஆண்டுதோறும் சர்வீஸ் தேவையா? பராமரிப்புச் செலவு எவ்வளவு வரும்?

வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் ஏசி ஓடும், அதுவும் இரவில் சில மணி நேரம், இதற்குப் போய் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் ஏஎம்சி வேண்டாம். ஆனால் ஏசியைத் திரும்பியே பார்க்காமல் இருக்கவும் முடியாது. எங்கள் வீட்டு ஏசியும் முக்கால்வாசி நாள் சும்மா இருப்பதுதான். இந்த மாதிரி ஏசி ஓடித் தேய்வதில்லை, கிடந்து கெடுகிறது. அதனால் கவனம் போக வேண்டிய இடமே வேறு.

முதலில் மின்சாரக் கணக்கைப் பார்த்துவிடலாம். சர்வீஸ் செய்தால் கரண்ட் பில் குறையும் என்று சொல்லித்தான் நம்மிடம் வருவார்கள். ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமாராக ஒன்றரை யூனிட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 200 மணி நேரம் ஓடினால் 300 யூனிட். அடைத்துக்கொண்ட ஃபில்டரைச் சரிசெய்தால் 5 முதல் 15 சதவீதம் வரை மிச்சமாகலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு. அதாவது உங்களுக்கு மிச்சம் 15 முதல் 45 யூனிட், அதுவும் வருடம் முழுவதற்கும். அதை உங்கள் கட்டண விகிதத்தால் பெருக்கி, சர்வீஸுக்குக் கேட்கும் தொகையோடு வைத்துப் பாருங்கள். வருடத்துக்கு 2,000 மணி நேரம் ஓட்டுகிறவருக்குக் கதை வேறு, அவருக்கு அது 150 முதல் 450 யூனிட். தவிர, ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் கழுவி நிழலில் காயவைத்து மாட்ட மெக்கானிக் எதற்கு?

சரி, கிடப்பதால் என்ன கெடும்? முதலிடம் டிரெய்ன் பைப்புக்கு. ஏசி ஓடும்போது காயிலில், அதாவது உள்ளே குளிரும் குழாய்ச் சுருளில், படியும் ஈரம் சொட்டி, கீழே இருக்கும் தட்டில் விழுந்து, பைப் வழியாக வெளியே போகிறது. சீசன் முடிந்து நிறுத்தியதும் அந்தத் தட்டில் மிஞ்சிய ஈரத்தில் தூசி சேர்ந்து வழவழப்பாகி, பிறகு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் பூச்சி கூடு கட்டும். அடுத்த சீசனில் முதல் நாளோ இரண்டாம் நாளோ தண்ணீர் உள்பக்கமாகச் சுவரில் வழியும். ஏசிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் சுவர்ப் பூச்சும் கீழே இருக்கும் மரச்சாமானும் போய்விடும். இதைத் தடுப்பது எளிது. சீசனுக்கு முன் தட்டில் மெதுவாக ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வெளியே வருகிறதா என்று பாருங்கள். பைப்பின் வெளிமுனையில் ஒரு துண்டு வலை கட்டிவிடலாம், நைலான் துணி வேண்டாம், அதுவே அழுக்குப் பிடித்து அடைத்துக்கொள்ளும். சீசன் கடைசியில் ஏசியை நிறுத்தும் முன் ஒரு மணி நேரம் ஃபேன் மோடில் மட்டும் ஓடவிடுங்கள். காயில் காய்ந்துவிடும், அடுத்த முறை போடும்போது வரும் அந்த ஈரத்துணி வாடையும் பெரும்பாலும் இருக்காது. அப்படியே ரிமோட்டில் இருக்கும் பேட்டரியையும் கழற்றி வையுங்கள். உள்ளே கசிந்து ரிமோட்டையே பாழாக்குகிற சமாச்சாரம் அது.

அடுத்தது கேஸ். பணம் வீணாகப் போவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏசியில் இருக்கும் கேஸ் செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆவியாகியும் திரவமாகியும் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவை அடைக்காமல் டாப்-அப் செய்தால் அடுத்த வருடம் திரும்பவும் அதே செலவு. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மெக்கானிக், பேனலைக்கூடத் திறக்காமல் கேஸ் கம்மி என்றார். ஏசியோ அறையை நன்றாகவே குளிர்வித்துக்கொண்டிருந்தது. எங்கே கசிகிறது என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார்.

நீங்களே ஓரளவு சோதித்துக்கொள்ளலாம். கதவைச் சாத்தி, குறைந்த வெப்பநிலையில் வைத்து, கால் மணி நேரம் ஓடிய பிறகு, ஏசி உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் ஒரு சாதாரண தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் இருந்தால் கேஸைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. வித்தியாசம் குறைவாக இருந்து, ஃபில்டரும் சுத்தமாக இருந்தால், அப்போது ஆளைக் கூப்பிடலாம். வந்தவர் கசிவு இடத்தைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்குவம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை பம்பால் உறிஞ்சி எடுத்து), யூனிட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள எடைக்குத் தராசில் வைத்து கேஸ் ஏற்ற வேண்டும். கசிவு பெரும்பாலும் குழாய்களை இணைக்கும் ஃப்ளேர் நட்டில்தான் இருக்கும், சோப்பு நுரை போட்டாலே தெரிந்துவிடும். இன்னொரு விஷயம், புது ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-32 என்ற கேஸ் லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. அதைக் கையாளப் பழகியவரைத்தான் கூப்பிட வேண்டும். ஆர்-22 கேஸ் இருக்கும் பழைய ஏசி என்றால் யோசனையே மாறும். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி அந்த கேஸைப் படிப்படியாக நிறுத்திவருகிறார்கள். கசியும் ஆர்-22 ஏசிக்குப் பணம் போடுவதை விடப் புதிதாக வாங்குவதுதான் சரி.

மாதம் ஒருமுறையாவது ஏசியை ஓட்டாவிட்டால் கம்ப்ரசர் பிடித்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். இது கார் ஏசியிலிருந்து வந்த அறிவுரை. அதில் கம்ப்ரசரின் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அந்த இடத்து சீல் காயாமல் இருக்க எண்ணெய் சுற்ற வேண்டும். வீட்டு ஏசியின் கம்ப்ரசர், மோட்டாரோடு சேர்த்து முழுக்க வெல்டிங் செய்து மூடியது. மாதாமாதம் ஓட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் வெயில் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. எல்லோரும் மெக்கானிக்கைத் தேடும் நாளில் நீங்களும் தேட வேண்டியிருக்காது.

அவுட்டோர் யூனிட்டுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு, இலை தழைகளை எடுத்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரால் கழுவினால் போதும். பிரஷர் பம்ப் அடித்தால் மெல்லிய அலுமினிய இதழ்கள் மடங்கி, காற்றுப் போகாது. பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கித் துருவை வளர்க்கும், எலிக்கும் வீடு கிடைத்த மாதிரி. பல்லியும் எறும்பும் போர்டில் புகுந்து ஷார்ட் ஆவது சும்மா கிடக்கும் ஏசியில் சகஜம், வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்து வைத்தால் பெருமளவு தப்பிக்கலாம். சீசன் இல்லாதபோது பிரேக்கரையே ஆஃபில் வைத்தால் மின்னலாலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தாலும் இன்வெர்ட்டர் ஏசியின் பிசிபி, அதாவது எலக்ட்ரானிக் போர்டு, போகும் வாய்ப்பு குறையும். அந்தப் பிசிபிதான் பாக்கெட்டைக் காலி செய்யும் பாகம். கம்ப்ரசர் ஹம் என்று சத்தம் மட்டும் போட்டுக் கிளம்பாமல் நின்றால் பதறாதீர்கள், இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண ஏசியில் பல நேரம் காரணம் கெபாசிட்டராக (மோட்டார் கிளம்ப உதவும் சின்னப் பாகம்) இருக்கும். விலை குறைந்த பொருள், மாற்றச் சில நிமிடம்தான். அதற்குள் கம்ப்ரசரே போய்விட்டது என்று யாராவது சொன்னால், கெபாசிட்டரை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

ஏஎம்சி பற்றி முடிவெடுக்க ஒரு கணக்கு: ஒரு வருடக் கட்டணத்தைப் பத்தால் பெருக்குங்கள். ஏசியின் ஆயுள் பொதுவாக 10 முதல் 15 வருடம் என்பதால் பத்து என்கிறேன். வருகிற தொகை புது ஏசி விலையை நெருங்கினால் வேண்டாம். உதிரிபாகம் சேராத ஒப்பந்தம் என்றால் நான் பேச்சையே எடுக்க மாட்டேன், அதில் கிடைப்பது தண்ணீர் ஊற்றிக் கழுவும் வேலை மட்டும்தான். அதற்குப் பதில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து இன்டோர் யூனிட்டின் காயிலையும் ப்ளோயரையும் (காற்றை வீசும் விசிறி) நன்றாகக் கழுவிக்கொண்டால் போதும். மிச்சப் பணத்தைத் தனியாக வைத்தால் எப்போதாவது வரும் ரிப்பேருக்கு உதவும்.

இதெல்லாம் இரண்டு நிலைமைக்குப் பொருந்தாது. கடலோரம் வீடு என்றால் உப்புக்காற்று காயிலை அரிக்கும், ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடாவருடம் கழுவியே ஆக வேண்டும். குளிர்காலத்தில் அதே ஏசியை ஹீட்டராகவும் ஓட்டுகிறீர்கள் என்றால் அது சும்மா கிடக்கும் ஏசியே அல்ல, ஓடும் மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்புறம், வாரன்டி இன்னும் முடியவில்லை என்றால் கார்டை ஒருமுறை படித்துவிடுங்கள். சில நிறுவனங்கள் வருடாந்திர சர்வீஸ் ரசீதைக் கேட்பதுண்டு, அப்படி இருந்தால் வாரன்டி முடியும்வரை அந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை.