வாரியத் தலைவராக இருந்துகொண்டே வேட்புமனு போடலாமா?

கேள்வி: மாநில அரசு வாரியம் ஒன்றின் தலைவராக இருக்கிறேன். காரைத் தவிர, மாத மதிப்பூதியத்தில் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை. சட்டமன்றத் தேர்தலில் நிற்கப் போகிறேன். நான் வளர்த்துவிட்ட கட்சிக்காரர் ஒருவர், வாரியப் பதவியைத் தனக்கு விட்டுத்தராவிட்டால் வழக்குப் போடுவேன் என்று மிரட்டுகிறார். நன்றி கெட்டவருக்கு ஏன் விட்டுத்தர வேண்டும்? எம்.எல்.ஏ.வாக இருப்பவர் எம்.பி. ஆனால் 14 நாள் அவகாசம் உண்டே? வென்ற பிறகு நானும் ராஜினாமா செய்தால் போதாதா?

பதில்: போதாது. அந்த 14 நாள், சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டுக்கும் தேர்வானவர்களுக்கு உரியது. அரசியலமைப்பின் 101(2) பிரிவின்கீழ் 1950இல் வந்த விதி அது. அரசிதழ் அறிவிப்பிலிருந்து 14 நாளுக்குள் சட்டமன்ற இடத்தை விடாவிட்டால், பறிபோவது நாடாளுமன்ற இடம். உங்களுக்குப் பொருந்துவது அரசியலமைப்பின் 191(1)(அ) பிரிவு. அரசின்கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவரைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. தகுதி பார்க்கப்படுவது வேட்புமனு பரிசீலனை நாளில். உங்கள் வழக்கில் எனக்கு முக்கியமான தேதி அது ஒன்றுதான்.

மதிப்பூதியம் வாங்கவில்லை என்பது உதவாது. உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கழகத் தலைவராக இருந்த மாநிலங்களவை உறுப்பினர் ஜெயா பச்சனும் இதையே வாதிட்டார். அந்தப் பதவிக்கு மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், 10,000 ரூபாய் உபசரிப்புச் செலவு, ஓட்டுநருடன் கார் என்று ஆணை இருந்தது. வாங்கினாரா என்று பார்க்க வேண்டியதில்லை, வாங்க உரிமை இருந்தாலே போதும் என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தகுதியிழப்பை உறுதிசெய்தது. கூட்டத்துக்கு 6 ரூபாய் படி வாங்கிய, மைசூர் மாநிலத்துக் குப்பி தாலுகா வளர்ச்சிக் குழுத் தலைவர் 1954இல் தப்பினார் என்று யாராவது தைரியம் சொல்வார்கள். மாதத் தொகையும் காரும் உள்ள உங்களுக்கு அது துணை வராது. உங்கள் மாநிலத்தின் தகுதியிழப்புத் தடுப்புச் சட்டப் பட்டியலில் உங்கள் பதவி இருந்தால் மட்டுமே விலக்கு உண்டு.

வழக்கறிஞரான என்னிடம் வருபவர்கள் பலரும் ராஜினாமா செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். மாட்டிக்கொள்வது செய்த விதத்தில். கடிதத்தை அமைச்சரின் உதவியாளர் கையில் கொடுத்துவிட்டுப் பிரசாரத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கோப்பு தலைமைச் செயலகத்தில் கிடக்கிறது. ஏற்பு ஆணை பரிசீலனைக்கு மறுநாள் தேதியில் வருகிறது. சில பதவிகளில் கடிதம் சேர்ந்ததுமே விலகல் முடிந்துவிடும். சிலவற்றில் ஏற்றுக்கொண்டால்தான் முடியும். உங்களுடையது எந்த வகை என்பதை வாரியத்தின் சட்டமும் நியமன ஆணையும்தான் சொல்லும். அதைத் தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசைமுன் நின்று வாதிடும் நிலைக்குப் போகாதீர்கள்.

ஒருவர் ஒழுங்காக விலகி, ஏற்பு ஆணையும் வைத்திருந்தார். வாரியக் கார் மட்டும் வீட்டு வாசலிலேயே நின்றது. வாகனப் பதிவேட்டில், பரிசீலனை நாளுக்கு நேரே அவருடைய கையெழுத்து. எதிர்த்தரப்பு அந்த ஒரு பக்கத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வாங்கி நீதிமன்றத்தில் வைத்துவிட்டது. பதவிக்காலத்தின் பெரும்பகுதி அந்தக் கையெழுத்துக்கு விளக்கம் சொல்லியே கழிந்தது.

முன்தேதியிட்டுக் கடிதம் தயாரிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். தபால் பதிவேட்டு எண் காட்டிக்கொடுத்துவிடும். தேர்தல் வழக்கோடு குற்ற வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

வேட்புமனு ஏற்கப்பட்டுவிட்டதே என்றும் நிம்மதி கொள்ளாதீர்கள். முடிவு அறிவித்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் உங்கள் வெற்றியை எதிர்த்துத் தேர்தல் மனு வரலாம். தகுதியில்லை என்று தீர்ப்பானால், எத்தனை ஆயிரம் வாக்கு வித்தியாசம் இருந்தாலும் வெற்றி செல்லாது.

ஆகவே அந்தக் கட்சிக்காரருடன் சமாதானமாகப் போய்விடுங்கள். அவர் கேட்பது, நீங்கள் எப்படியும் விட்டாக வேண்டிய பதவி. அவருடைய நன்றிகேட்டை எந்த நீதிமன்றமும் விசாரிக்காது. ஆனால் அவர் வாயடைத்தால் ஆபத்து தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் தொகுதி வாக்காளர் எவரும் தேர்தல் மனு போடலாம். இந்த வாரமே துறைச் செயலருக்கு நேரில் கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கார், சாவி, அலுவலக அறை எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்படையுங்கள். ஏற்பு ஆணைக்காக அங்கேயே தவம் கிடந்தாலும் தவறில்லை. ஆதாயம் தரும் பதவி வகிக்கிறீர்களா என்று வேட்புமனுவிலேயே கேள்வி இருக்கிறது. அதில் ‘இல்லை’ என்று எழுதும்போது அந்த ஆணை உங்கள் கையில் இருக்க வேண்டும்.